‘வந்து’ என்பதை எழுதுவதா, விடுவதா: நேர்காணல் ஒலிப்பதிவை எழுத்தாக்கும் முறைகள்

கோத்தகிரிக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மூதாட்டி ஒருவரின் நேர்காணலை நான் எழுத்தாக்கிக்கொண்டிருந்தபோது இப்படி ஒரு வாக்கியம் வந்தது: “நாங்க வந்து நாலு வருசம் வீடு கெடைக்கல.” பத்து நிமிடம் கழித்து இன்னொன்று: “நாங்க வந்து அப்ப சின்னப் புள்ளைங்க.” முதல் வாக்கியத்தில் உள்ள ‘வந்து’ ஒரு வினைச்சொல், மண்டபம் முகாம் வழியாக மலையேறி வந்த குடும்பத்தின் வரலாறே அதில் இருக்கிறது. இரண்டாவது வாக்கியத்தில் வரும் ‘வந்து’ வெறும் அசை. அடுத்த சொல்லைத் தேடிக்கொள்ள எல்லோரும் இடுவது. எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கின்றன. குரலின் ஏற்ற இறக்கத்தையும், சொல்லுக்குப் பின் விழும் சிறு இடைவெளியையும் கேட்டால்தான் எது எதுவென்று பிரிக்க முடியும். “அசைச்சொற்களை நீக்கித் தரவும்” என்ற ஒற்றை வரிக் கட்டளையோடு இந்தப் பதிவைப் பெற்ற ஒருவர், கவனம் சற்றுத் தவறினால், அந்தக் குடும்பம் வந்து சேர்ந்ததையே நீக்கிவிடுவார்.

ஆய்வுக்காகப் பதிவு செய்யும் நேர்காணலை எழுத்தாக்குவதை எங்களிடையே டிரான்ஸ்கிரிப்ஷன் என்றே சொல்கிறோம். இங்கே அதன் விளைவை எழுத்துப்படி என்று குறிக்கிறேன். பல்கலைக்கழகக் கையேடுகள் பொதுவாக மூன்று முறைகளைப் பேசுகின்றன. இழுப்பு, திக்கல், பாதியில் விட்ட சொல் உட்பட எல்லாவற்றையும் எழுதும் முழுப்படி ஒன்று. பொருளுக்குத் தேவையற்ற அசைகளையும் திரும்பக் கூறல்களையும் விட்டுவிட்டு எழுதும் செப்பனிட்ட படி மற்றொன்று. இடைவெளியை நொடிக்கணக்கில் அளந்து, குரலின் உயர்வு தாழ்வு, மூச்சு, ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேச்சு ஏறும் இடம் ஆகியவற்றைக் குறியீடுகளால் காட்டும் நுண்படி மூன்றாவது. இந்தப் பிரிவு ஆங்கிலப் பேச்சை மனத்தில் வைத்து வகுத்தது. பேச்சும் எழுத்தும் இவ்வளவு தூரம் விலகி நிற்கும் தமிழுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளும்போது, கையேட்டில் இல்லாத நான்காவது முறை ஒன்று சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிடுகிறது: பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றி எழுதுவது. அதைச் செய்பவர் செப்பனிட்ட படி தருவதாகவே நம்புகிறார். ஆனால் அவர் செய்தது ஒரு வழக்கிலிருந்து இன்னொரு வழக்குக்கு மொழிபெயர்ப்பு.

நானும் அதைச் செய்திருக்கிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில், தோட்டத் தொழிலாளர் வாழ்க்கை குறித்த ஓர் ஆய்வுக்காக, எல்லா நேர்காணல்களையும் “நல்ல தமிழில்” தரும்படி கேட்டிருந்தார்கள். இலங்கைத் தோட்ட நாட்களைப் பற்றி ஓர் அம்மா, “கொழுந்து கொறைஞ்சா அரைப்பேர் போட்டுட்டாங்கன்னா அன்னைக்கிப் பொழப்பு போச்சு” என்று சொல்லியிருந்தார். நான் அதை, “கொழுந்து குறைந்தால் பாதிக் கூலி கொடுத்தார்கள், அன்றைய பிழைப்பு போய்விடும்” என்று எழுதினேன். அப்போது அது சரியாகவே பட்டது. பேர் என்பது அங்கே கூலியின் பெயர் அல்ல. வருகைப் பதிவேட்டில் விழும் பெயர். நிர்ணயித்த எடை எடுக்காதவருக்கு, நாள் முழுதும் மலையில் நின்றிருந்தாலும், பாதி நாளுக்கே வேலை செய்ததாகப் பதிவு விழும். அதாவது ‘அரைப்பேர்’ என்ற சொல்லுக்குள் கூலி மட்டுமல்லாமல், எடை நிறுக்கும் இடத்தில் கணக்கு எழுதுபவரின் கையில் இருந்த அதிகாரமும் இருக்கிறது. ‘போட்டுட்டாங்க’ என்ற முடிவில், தடுக்க முடியாமல் தன்மேல் வந்து விழுந்த ஒன்று என்ற தொனி இருக்கிறது. நான் எழுதிய வாக்கியத்தில் இரண்டும் இல்லை. ஆய்வாளர் அந்தப் பகுதியைக் கூலி என்ற தலைப்பின்கீழ் வகைப்படுத்தினார். மேற்பார்வை என்ற தலைப்பின்கீழ் அது வரவேயில்லை. பிழை அவருடையதன்று. அவர் கையில் இருந்தது என் வாக்கியம்.

இந்த மலையில் இத்தகைய சொற்கள் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றன. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று வகுத்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை தருவதற்கென்றே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. அவைதான் இன்று டான்டீ என்று எல்லோரும் அறிந்த நிறுவனம். குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் இன்றும் அந்தத் தலைமுறையினர் பேசும்போது, இலங்கையில் இருந்த வரிசை வீட்டுக்கு ‘லயம்’ என்றும், இங்கே உள்ளதற்கு ‘லைன்’ என்றும் ஒரே மூச்சில் இரண்டு சொற்களைச் சொல்வதைக் கேட்கலாம். காலையில் ஆள் எடுக்கும் இடம் அங்கே ‘பெரட்டு’, இங்கே ‘மஸ்டர்’. எந்த ஊரைப் பற்றிப் பேசுகிறார் என்பதை அவர் தனியாகச் சொல்வதில்லை, சொல்லே சொல்லிவிடுகிறது. இரண்டையும் ‘தொழிலாளர் குடியிருப்பு’ என்று ஒழுங்குபடுத்தினால், வாசிப்பவர் எந்த நாட்டில் நிற்கிறார் என்பதே தெரியாமல் போகும்.

இதைவிடக் கண்ணுக்குப் படாத இழப்பு, ‘ஆம்’ என்ற ஈற்றில் நேர்வது. “தொர வந்து கேட்டாராம், இவரு முடியாதுன்னுட்டாராம்” என்று ஒருவர் சொன்னால், அவர் அங்கே நிற்கவில்லை, யாரோ சொல்லக் கேட்டார் என்று பொருள். செப்பனிடும் கை பல நேரங்களில் இதைத் “துரை வந்து கேட்டார், இவர் முடியாது என்றார்” என்று எழுதிவிடுகிறது. வாக்கியம் தெளிவாகிவிட்டது, கேள்விப்பட்டவர் கண்ணால் கண்ட சாட்சியாகிவிட்டார். வாய்மொழி வரலாறு எழுதுபவருக்கு இதைவிடப் பெரிய பிழை இருக்க முடியாது. ‘ன்னு’, ‘போல’, ‘தானே’, ‘ல்ல’ போன்ற சிறு சொற்களும் இத்தகையவையே. பேசுபவர் தான் சொல்வதற்கு எவ்வளவு பொறுப்பேற்கிறார், கேட்பவரிடம் எவ்வளவு ஒப்புதல் தேடுகிறார் என்பதை அவைதான் சுமக்கின்றன. ஆகவே என் நிலைப்பாடு இது: தமிழில் செப்பனிடுவது என்றால் ‘ம்ம்’, ‘அ’, தடுமாறித் திரும்பிய சொல் ஆகியவற்றை விடுவதோடு நிற்க வேண்டும், வினைமுற்றையும், ஈற்றுச் சொல்லையும், ஊர்ச்சொல்லையும் தொடக் கூடாது. எழுத்துத் தமிழுக்கு மாற்றிய பிரதியை எழுத்துப்படி என்று அழைக்கவே கூடாது.

பேச்சை அப்படியே எழுதலாம் என்று முடிவு செய்தவுடன் அடுத்த சிக்கல் எழுத்துக்கூட்டலில் தொடங்குகிறது. தமிழகத்தில் பெரும்பாலோர் பேசும்போது ‘இலை’ என்பதை ‘எலை’ என்றும், ‘உடம்பு’ என்பதை ‘ஒடம்பு’ என்றும்தான் சொல்கிறோம். மருத்துவரும் அப்படித்தான் சொல்கிறார், கொழுந்தெடுப்பவரும் அப்படித்தான் சொல்கிறார். ஆனால் நான் பார்த்த எழுத்துப்படிகள் பலவற்றில் மருத்துவரின் வாயில் ‘உடம்பு’ என்றும், தொழிலாளியின் வாயில் ‘ஒடம்பு’ என்றும் இருக்கிறது. எழுதுபவர் வேண்டுமென்றே செய்வதில்லை. படித்தவர் பேச்சைக் கேட்கும்போது காது எழுத்து வடிவத்தைத் தானாக நிரப்பிக்கொள்கிறது. படிக்காதவர் பேச்சைக் கேட்கும்போது கொச்சையைத் தேடிப் பிடிக்கிறது. விளைவு, ஒருவர் அறிவாளியாகவும் மற்றவர் பாமரராகவும் பக்கத்தில் நிற்கிறார்கள். எழுத்துப்படி என்பதே ஒரு கோட்பாடு, எதை எழுதுவது என்ற தேர்வு ஆய்வின் முடிவையே வளைக்கும் என்று மொழியியலாளர் எலினார் ஆக்ஸ் 1979இல் எழுதியபோது அவர் மனத்தில் இருந்தது குழந்தைகளின் பேச்சு; ஆனால் அந்தக் கருத்து எந்தத் தேயிலைத் தோட்டத்துக்கும் பொருந்தும். இதற்கு நான் கண்ட ஒரே வழி, வேலை தொடங்கும் முன்பே ஓர் எழுத்துக்கூட்டல் தாள் தயாரித்து, பேட்டி எடுப்பவர் உட்பட எல்லோர் பேச்சுக்கும் ஒரே விதியைப் பின்பற்றுவது. ‘வந்தேன்’, ‘மரம்’ போன்ற சொற்களின் இறுதியில் மெய் தேய்ந்து மூக்கொலி மட்டுமே எஞ்சினாலும் ‘ன்’, ‘ம்’ என்றே எழுதுவது. ‘அவங்க’, ‘போயிட்டு’, ‘கெடைக்கல’ போன்றவற்றைப் பேசுவதுபோலவே எழுதுவது. ‘ழ’ ஒலி ‘ள’ ஆவதை, ஆய்வு ஒலியைப் பற்றியதாக இல்லாவிட்டால், ‘ழ’ என்றே வைத்துக்கொள்வது. இவற்றில் எந்த விதியும் புனிதமானதன்று. யாரோ ஒருவருக்கு மட்டும் அது மாறக் கூடாது, அவ்வளவுதான்.

நுண்படி யாருக்கு வேண்டும்? இன்று உலகெங்கும் வழங்கும் குறியீட்டு முறையை உருவாக்கியவர் கெயில் ஜெஃபர்சன். ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப் ஆகியோருடன் சேர்ந்து, உரையாடலில் முறைமாற்றம், அதாவது ஒருவர் முடித்து மற்றவர் பேசத் தொடங்குவது, எப்படி நிகழ்கிறது என்று 1974இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் அது பரவியது. அடைப்புக்குறிக்குள் நொடியின் பத்தில் ஒரு பங்கு வரை இடைவெளி, நீட்டலுக்கு முக்காற்புள்ளி, ஒருவர் மேல் ஒருவர் பேசும் இடத்துக்குச் சதுர அடைப்பு என்று அது செல்கிறது. மருத்துவமனையில் “மாத்திர ஒழுங்காப் போடுறீங்களா?” என்ற கேள்விக்கும் “ம், போடுறேங்க” என்ற பதிலுக்கும் நடுவே ஒரு நொடி மௌனம் விழுகிறதா இல்லையா என்பதே ஆய்வுப் பொருளாக இருக்கும்போது இந்த முறையைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் முப்பது பேரின் வாழ்க்கைக் கதையைக் கேட்டு, அதில் வரும் செய்திகளைத் தொகுக்கும் ஆய்வுக்கு இது தேவையற்றது, வாசிக்கவும் முடியாது. தமிழில் நீட்டலைக் காட்ட முக்காற்புள்ளியை இரவல் வாங்க வேண்டுமா என்பதும் எனக்கு ஒரு கேள்வி. நெடிலின் பின் அதன் இனக் குறிலை எழுதி நீட்டலைக் காட்டும் அளபெடை நம் இலக்கணத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தையும் கைநொடிக்கும் நேரத்தையும் மாத்திரை என்று வைத்து ஒலியை அளந்தது தொல்காப்பியம். “ஆஅமா” என்று எழுதினால் எந்தத் தமிழ் வாசகரும் விளக்கக் குறிப்பு இல்லாமலே இழுத்துப் படிப்பார்.

தமிழ் அல்லாத மொழிகள் வரும்போது எழுத்தே தடையாகிறது. நீலகிரியில் ஒரே நேர்காணலில் தமிழும் படுகமும், கூடலூர்ப் பக்கம் என்றால் மலையாளமும், கலந்து வருவது அன்றாட நிகழ்ச்சி. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி நீலகிரி மொழிகளை ஆராய்ந்த மர்ரே எமனோ, கோத்தர்களிடமும் தொதவர்களிடமும் வாய்மொழியாகச் சொல்லச் சொல்லி ஒலிக்குறியீடுகளில் கையாலேயே எழுதிக்கொண்டார். ‘அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட வழியில்லாமல் செய்த வேலை அது. படுக மொழியில் நாவை மடித்து ஒலிக்கும் உயிர்கள் இருப்பதை அவர் 1939இல் விளக்கினார்; தொதவ மொழியில் மூன்று இடங்களில் பிறக்கும் உருளொலிகள் (நா அதிர்ந்து பிறக்கும் ‘ற’ போன்றவை) உள்ளன. தமிழெழுத்துக்கு இவை அடங்கா. வல்லினத்தின் க, ச, ட, த, ப எழுத்துகளில் அதிரொலியையும் அதிராவொலியையும் (g, k போல) பிரித்துக் காட்டவே நம் எழுத்தில் வழியில்லையே. மொழியை ஆராய்பவர் பன்னாட்டு ஒலியெழுத்தை நாட வேண்டும். சமூக ஆய்வாளருக்கு அவ்வளவு வேண்டியதில்லை. ஆனால் பேச்சு எந்த இடத்தில் படுகத்துக்கு மாறியது, யார் உள்ளே வந்ததும் மாறியது என்பதையாவது குறிக்க வேண்டும். “படுகத்தில் பேசுகிறார்” என்று எழுதிவிட்டு அரைப் பக்கம் தாண்டிப் போன எழுத்துப்படிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த அரைப் பக்கத்தில்தான் மாமியாரும் மருமகளும் பேட்டியாளருக்கு என்ன சொல்லலாம் என்று கலந்துகொண்டிருப்பார்கள்.

இன்னும் பெரிய தாண்டல் ஒன்று உண்டு. ஆய்வேடு ஆங்கிலத்தில் போகப்போகிறது என்பதால், தமிழ்ப்படியே இல்லாமல், பதிவைக் கேட்டு நேராக ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வது. நேரமும் பணமும் மிச்சமாகும் என்பது உண்மை. என்ன போகிறது என்பதற்கு ஒரே எடுத்துக்காட்டு. அந்த மூதாட்டி முதல் அரை மணி நேரம் முழுக்கத் தாயகம் திரும்பியவர்களை ‘நாங்க’ என்றும், பக்கத்து ஊர்க்காரர்களை ‘அவங்க’ என்றும் சொல்லி வந்தார். தண்ணீர்க் குழாய் கேட்டுப் போன கதை வந்ததும், “‘நாம எல்லாருஞ் சேந்து போயிக் கேப்போம்’னு அவங்ககிட்டச் சொன்னேன்” என்றார். ‘நாங்க’ என்ற வேலிக்கு வெளியே இருந்தவர்கள் ‘நாம’ என்ற சொல்லுக்குள் வந்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நான் கேட்டறிந்த வரையில் அந்த நேர்காணலின் நடுநரம்பே அந்த மாற்றம். நேரடி ஆங்கிலப் படியில் அது இருந்த சுவடுகூடத் தெரியாது.

கணினி எழுதித்தரும் படிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2022இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட விஸ்பர் போன்ற கருவிகள் தமிழையும் எழுதுகின்றன. அமைதியான அறையில் தெளிவாகப் பேசிய பதிவுக்கு முதல் வரைவாக உதவும். ஆனால் அவை இயல்பிலேயே செப்பனிடும் கருவிகள். திக்கலையும் அசையையும் கேட்காமலே விழுங்குகின்றன. பேச்சே இல்லாத இடத்தில் யாரும் சொல்லாத வாக்கியங்களை எழுதிவிடும் குறையும் அவற்றுக்கு உண்டு. ஐப்பசி மழை தகரக் கூரையில் அடிக்கும்போது எடுத்த குன்னூர்ப் பதிவை அதனிடம் கொடுத்துவிட்டு, வந்ததைப் பதிவோடு ஒப்பிடாமல் வைத்துக்கொள்வது ஆபத்து. பேசியவர் அனுமதி தராத நிலையில் அவர் குரலை வெளி நிறுவனத்தின் கணினிக்கு ஏற்றுவது அதைவிடப் பெரிய தவறு.

நேரக் கணக்கை மறைக்க முடியாது. ஒரு மணி நேரப் பதிவைப் பேச்சுத் தமிழில் செப்பனிட்ட படியாக எழுத, பழகிய கைக்கே எனக்கு 5, 6 மணி நேரம் ஆகிறது. சமையலறையில் விறகடுப்பு வெடிக்க, பேரப்பிள்ளைகள் குறுக்கே பேச எடுத்த பதிவென்றால் 8 மணி நேரம். நுண்படிக்கு ஒரு நிமிடப் பேச்சே ஒரு மணி நேரத்தைக் கேட்கும். ஒரு மணி நேர நேர்காணல் 30 என்றால் செப்பனிட்ட படிக்கே 180 மணி நேரம் வரை ஆகும். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே முறை என்று முடிவெடுப்பதைவிட, அடுக்காகச் செய்வதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது: முதலில் முழுவதையும் பேச்சுத் தமிழில், நிமிடக் குறிப்போடு எழுதிவிடுவது; ஆய்வாளர் அதைப் படித்து, தன் வாதம் எந்தப் பகுதிகளின்மேல் நிற்கப்போகிறது என்று குறித்த பிறகு, அந்தப் பகுதிகளை மட்டும் பதிவுக்குத் திரும்பி இழுப்பும் இடைவெளியுமாக முழுப்படியாக்குவது. நிமிடக் குறிப்பு இல்லாத படியில் இந்தத் திரும்புதல் நடக்காது. அதனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையாவது நேரத்தை எழுதியே ஆக வேண்டும் என்று என்னோடு வேலை செய்பவர்களிடம் சொல்லி வருகிறேன்.

இவ்வளவும் ஆய்வாளரின் பக்கத்திலிருந்து. பேசியவரின் பக்கம் வேறு. ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவருக்கு அவருடைய எழுத்துப்படியைக் கொடுத்தபோது, முதல் பக்கத்தைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. “என்னப்பா, நான் படிச்ச மனுசன். ‘போவல’, ‘வரல’ன்னு இப்பிடிப் போட்டா நாலு பேரு என்ன நெனைப்பாங்க?” என்றார். அவர் பதிவில் சொன்னது அப்படித்தான். ஆனால் பேச்சை அச்சில் பார்க்கும் பழக்கம் நமக்குக் குறைவு. பேச்சுத் தமிழை எழுத்தில் கண்டால் அதைக் கேலிச்சித்திரமாகவே படிக்கும் பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. அவர் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. நான் அவரோடு உட்கார்ந்து, பதிவைப் போட்டுக் காட்டி, ஆய்வாளரின் கேள்விகளும் அதே பேச்சுத் தமிழில் அதே பக்கத்தில் இருப்பதையும் காட்டினேன். ஆய்வுக்கான படியை அப்படியே வைத்துக்கொள்ளவும், நூலில் வரும் மேற்கோள்களை மட்டும் அவர் பார்த்து ஒப்பிய எழுத்துத் தமிழில் தரவும் உடன்பாடு ஆயிற்று. இந்தப் பேச்சைப் பதிவுக்கு முன்பே, அனுமதி வாங்கும்போதே முடித்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் ஒரு பக்க மாதிரிப் படியை எடுத்துப்போய்க் காட்டிவிட்டே பதிவைத் தொடங்கச் சொல்கிறேன்.

பெயரை மாற்றி எழுதுவதும் இந்த மலையில் எளிதன்று. 2011 கணக்கெடுப்பில் தொதவர்கள் ஏறத்தாழ 2,000 பேர்தான். நாற்பது வீடுகள் உள்ள ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், “தபால் ஆபீசில் வேலை பார்த்தவர்” என்று எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பெயரை நீக்கிய இடத்தைச் சதுர அடைப்பில் காட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. நுண்படியில் அதே குறி ஒருசேரப் பேசுவதைக் காட்டுவதால், ஒரே கோப்பில் இரண்டும் வந்தால் குழப்பம். ஏதாவது ஒன்றுக்கு வேறு குறியை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

நான் தரும் ஒவ்வொரு படியின் முதல் பக்கத்திலும் இப்போது ஐந்தாறு வரிகள் இருக்கின்றன: பதிவான நாள், பதிவின் நீளம், எந்த முறையில் எழுதியது, எவற்றை விட்டது, எழுத்துக்கூட்டலில் பின்பற்றிய விதிகள், எத்தனை இடங்களில் கேட்கவில்லை. கேட்காத இடத்தை ஊகித்து நிரப்பாமல், ‘கேட்கவில்லை’ என்று நேரத்தோடு எழுதுகிறேன். மூதாட்டியின் பதிவில் அப்படி 3 இடங்கள் உள்ளன. அவற்றில் ஒன்று, 41ஆம் நிமிடத்தில், ‘வந்து’ என்ற சொல்லுக்குப் பின். அந்த வந்து வினையா அசையா என்பதை நான்கு முறை கேட்டும் பிரிக்க முடியவில்லை, அதையும் அப்படியே ஓரத்தில் குறித்திருக்கிறேன்.